குபர்நெட்டிஸ் சோர்ஸ் கோடு: எந்த ஃபோல்டரில் தொடங்குவது?

பல கணினிகளில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் ரெப்போவை குளோன் செய்து, உள்ளே வழி தெரியாமல் நின்றவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இவ்வளவு ஃபோல்டர் இருக்கே, முதல்ல எதைத் திறக்கணும்?

இப்போதைக்கு சிஎம்டி, பிகேஜி, ஸ்டேஜிங் மூன்றும் போதும். சிஎம்டியில் ஒவ்வொரு பைனரிக்கும் ஒரு ஃபோல்டர்: கியூப்லெட், கியூப்-ஷெட்யூலர், கியூப்-ப்ராக்ஸி என்று. மெயின் ஃபங்ஷன் அங்கேதான், ஆனால் சில வரிகளில் முடிந்துவிடும். ஃப்ளாக்குகளைப் படித்து கன்ஃபிக் அமைப்பது அதன் கீழுள்ள ஆப் ஃபோல்டர். அசல் வேலை பிகேஜியில் நடக்கிறது. ஷெட்யூலருக்கு பிகேஜி/ஷெட்யூலர், கியூப்லெட்டுக்கு பிகேஜி/கியூப்லெட் என்று பெயரைப் பிடித்தே போய்விடலாம். எல்லாக் கோரிக்கைகளும் வந்து சேரும் ஏபிஐ சர்வர் மட்டும் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கியூப்சிடிஎல் ஃபோல்டரில் ஒன்றுமே இல்லையே?

குபர்நெட்டிஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவிதான் கியூப்சிடிஎல். அதன் கோடு ஸ்டேஜிங்கில் இருக்கிறது. அங்கேயே இருக்கும் கிளையன்ட்-கோ, ஏபிஐமெஷினரி போன்றவற்றை வெளியாட்களும் லைப்ரரியாக இழுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதற்காக மொத்த ரெப்போவையும் அவர்கள் தலையில் கட்ட முடியாது. அதனால் ஸ்டேஜிங்கில் எழுதுவதை, தனித்தனி ரெப்போக்களாக ஒரு தானியங்கி நிரல் வெளியே நகலெடுக்கிறது. திருத்தம் செய்வதென்றால் இங்கேதான் செய்யவேண்டும். அந்த நகல்களில் அல்ல.

கேள்வி: பாட் ஸ்ட்ரக்ட் இரண்டு இடத்தில் இருக்கிறது. எது உண்மையானது?

இரண்டுமே. பாட் என்பது சேர்ந்து ஓடும் ஒன்றோ பலவோ கன்டெய்னர்களின் தொகுப்பு. ஸ்டேஜிங்கில் இருக்கும் வி1 வடிவம் நாம் யாம்லில் எழுதுவது. பிகேஜி/ஏபிஐஸ்/கோர் ஃபோல்டரில் இருப்பது ஏபிஐ சர்வரின் உள்வடிவம். சுமைக்கு ஏற்ப பாட் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் ஹெச்பிஏவை எடுத்துக்கொள்ளுங்கள்: அதற்கு வி1, வி2 இரண்டும் உண்டு. எந்த வெர்ஷனில் வந்தாலும் உள்வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால், வெர்ஷனுக்கு வெர்ஷன் தனியாக மாற்றி எழுதும் பாடு இல்லை. இந்த மாற்றங்களில் பெரும்பகுதியை ‘இசட்இசட்_ஜெனரேட்டட்’ என்று தொடங்கும் ஃபைல்கள் செய்கின்றன. அவற்றில் கை வைக்காதீர்கள். ஹேக் ஃபோல்டரில் உள்ள அப்டேட்-கோட்ஜென் ஸ்கிரிப்டை ஓட்டினால் அவை மறுபடி உருவாகிவிடும்.

கேள்வி: ஒரு இடத்தையாவது முழுசாப் புரிஞ்சுக்கணும். எதைப் படிக்கலாம்?

தயங்காமல் சொல்வேன்: பிகேஜி/கன்ட்ரோலர்/ரெப்ளிக்காசெட். கேட்ட எண்ணிக்கையில் பாட்கள் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் பகுதி இது. அதில் மேனேஜ்ரெப்ளிக்காஸ் என்ற ஃபங்ஷனைத் தேடுங்கள். இப்போது உயிரோடிருக்கும் பாட்களின் எண்ணிக்கையிலிருந்து, ஸ்பெக்கில் கேட்ட எண்ணிக்கையைக் கழிக்கிறது. விடை மைனஸில் வந்தால் பாட்களை உருவாக்கும்; பிளஸ் என்றால் நீக்கும். இத்தனை பெரிய அமைப்பின் மையக் கருத்து இந்த ஒரு கழித்தலில் இருக்கிறது. முதல் தடவை படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். நூறு பாட் வேண்டுமென்றாலும் ஒரேயடியாக உருவாக்காது. முதலில் 1, அது சரியாக வந்தால் 2, பிறகு 4, 8 என்று தொகுதி இரட்டிப்பாகும். கோட்டா தீர்ந்து தோல்வி வந்தால் அந்தத் தொகுதியோடு நிறுத்திக்கொள்ளும். தோற்கப்போகிற நூறு கோரிக்கைகள் ஏபிஐ சர்வரைப் போட்டு இடிக்காது. இதைப் பிடித்துக்கொண்டால் டெப்ளாய்மென்ட், ஜாப் கன்ட்ரோலர்களைப் படிப்பது எளிது.

கேள்வி: கன்டெய்னரை ஸ்டார்ட் செய்யும் வரி எங்கே?

இந்த ரெப்போவில் இல்லை. பிகேஜி/கியூப்லெட்/கியூப்ரன்டைமில் உள்ள சின்க்பாட் ஃபங்ஷன் வரை போகலாம். அங்கிருந்து சிஆர்ஐ என்ற இடைமுகம் வழியாக ஜிஆர்பிசி அழைப்பு, கன்டெய்னரை நிஜமாக ஓட்டும் கன்டெய்னர்டி அல்லது க்ரை-ஓவுக்குப் போய்விடும். பழைய கட்டுரைகள், டாக்கரோடு பேசுவதற்காக இருந்த டாக்கர்ஷிம் ஃபோல்டரைக் காட்டும். 2022இல் வந்த 1.24இல் அதை நீக்கிவிட்டார்கள். கட்டுரையின் தேதியைப் பார்த்து, அந்த வெர்ஷனின் டேக்கை செக்அவுட் செய்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: கோடில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

அந்த ஃபோல்டரிலோ அதற்கு மேலுள்ள ஃபோல்டரிலோ ஓனர்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும். அந்தப் பகுதியை ரிவ்யூ செய்பவர்கள், அப்ரூவ் செய்பவர்கள் பெயர் அதில் உண்டு; பெரும்பாலும் எந்த சிக் குழுவுடையது (ஒவ்வொரு பகுதியையும் கவனிக்கும் குழுவுக்கு அந்தப் பெயர்) என்ற லேபிளும் இருக்கும். அந்தக் குழுவின் ஸ்லாக் சேனலில் ஃபைல் பெயர், வரி எண்ணோடு கேளுங்கள்.