ஹாங்காங்கில் ஒரு வாரம்: துறைமுகத்தை விட்டு விலகாதீர்கள்

கேள்வி: நானும் மனைவியும், முழங்கால் வலியுள்ள 74 வயது அம்மாவும் நவம்பரில் ஒரு வாரம் ஹாங்காங் செல்ல நினைக்கிறோம். மூவரும் சைவம். "அங்கே மூன்று நாள் போதும், மீதியை டிஸ்னிலேண்ட், மக்காவ், ஷென்சென் என்று பிரித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் பயண முகவர். ஏழு நாளும் ஒரே ஊரில் இருந்தால் சலித்துவிடுமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சலிக்காது. அம்மாவின் முழங்காலை நினைத்தால், தினமும் பெட்டியைக் கட்டி எல்லை தாண்டும் திட்டத்தைவிட ஒரே அறையில் ஏழு இரவு தங்குவதே நல்லது. முகவர் சொல்லும் மூன்று நாளில் உயரமான கட்டடங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். ஹாங்காங் என்பது 200க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த ஊர். அதைப் படகில் போய்ப் பார்க்க வேண்டும். நகரப் பேருந்துக் கட்டணம்போலச் சிறு தொகையில் அங்கே படகில் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தங்குவதற்குத் துறைமுகத்தின் வடகரையிலுள்ள சிம் ஷா சுய் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். படகுத்துறை அருகில் இருக்கிறது. இந்திய சைவ உணவகங்களும் அங்கேதான் அதிகம். காயல்பட்டினத்து ரத்தின வணிகர்கள் பல காலமாகத் தொழில் நடத்தும் ஊர் என்பதால் தெருவில் தமிழ் காதில் விழலாம். விமான நிலையத்திலிருந்து ஏ21 பஸ் நேராக நாதன் சாலைக்கு வருகிறது. நீங்களும் மனைவியும் மாறி மாறி மேல்தளத்தில் உட்காருங்கள். சிங் மா பாலத்தையும் குவாய் சுங் சரக்குப் பெட்டக முனையத்தையும் வழியிலேயே பார்த்துவிடலாம். விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு ஆக்டோபஸ் அட்டை வாங்கிவிட்டால் பஸ், டிராம், படகு எதற்கும் சில்லறை தேட வேண்டியதில்லை.

முதல் நாள் மாலை ஸ்டார் ஃபெரியில் ஏறுங்கள். எதிர்க்கரையில், ஹாங்காங் தீவிலுள்ள சென்ட்ரல் பகுதிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. 1888இல் ஒரு பார்சி வணிகர் தொடங்கிய சேவை இது. உட்காரும்போது இருக்கையைக் கவனியுங்கள். மரப் பலகையில் நட்சத்திர வடிவில் துளைகள் இருக்கும். சாய்மானத்தைத் தள்ளினால் எதிர்ப்பக்கம் திரும்பும். படகுக்கு இரண்டு முனையும் முன்பக்கம்தான், அதனால் படகு திரும்புவதில்லை, பயணிகள் சாய்மானத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கரையை நெருங்கியதும் படகிலிருந்து கயிறு பறக்கும். துறையில் நிற்பவர் நீண்ட கொக்கிக் கம்பால் அதைப் பிடித்துத் தூணில் மாட்டுவார். பகலில் ஒருமுறை, விளக்கேற்றிய பிறகு ஒருமுறை என இரண்டு தடவையாவது போய் வாருங்கள். பணம் கட்டி ஏறும் உல்லாசப் படகு தேவையே இல்லை.

சென்ட்ரலில் இறங்கினால் டிராம். 1904இல் தொடங்கிய சேவை, இப்போது ஓடுபவை இரட்டை அடுக்கு வண்டிகள். பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது கட்டணம் செலுத்த வேண்டும். மாடிப்படி குறுகலானது, அம்மா கீழேயே உட்காரட்டும். டிராம் தொடங்கிய காலத்தில் அந்தப் பாதை பெரும்பாலும் கடலோரமாக ஓடியது. அதன் பிறகு கடலைத் தூர்த்து நகரம் முன்னேறிக்கொண்டே வந்தது. 1997இல் துறைமுகத்தைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. இன்று டிராமுக்கும் தண்ணீருக்கும் இடையில் இருக்கும் கட்டடங்களைப் பார்த்தால் எவ்வளவு கடல் நிலமாகிவிட்டது என்பது புரியும்.

லாண்டாவ் தீவுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள், அதுவும் வார நாளாக இருக்கட்டும். துங் சுங்கிலிருந்து கேபிள் கார் 25 நிமிடத்தில் மலைமேல் கொண்டுபோய் விடும். பெரிய புத்தர் சிலைக்கு 268 படி; அம்மா ஏறவே வேண்டாம். 34 மீட்டர் உயரச் சிலை கீழிருந்தே நன்றாகத் தெரியும். பக்கத்துப் போ லின் மடத்தில் மதியச் சைவச் சாப்பாட்டுக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அங்கிருந்து 21ஆம் எண் பஸ்ஸில் தாய் ஓ என்ற மீனவ ஊருக்குப் போங்கள். ஓடைக்கு மேல் கால் நட்டு நிற்கும் வீடுகள், கடைதோறும் கருவாடு, இறால் விழுது. வாடை பிடிக்காவிட்டாலும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம், வானளாவிய கட்டடங்கள் வருவதற்கு முந்தைய ஹாங்காங்கின் முகம் அது. பிறகு 1ஆம் எண் பஸ்ஸில் முய் வோ, அங்கிருந்து படகில் சென்ட்ரல்.

இன்னொரு நாள் சுங் சாவ் தீவு. கார் ஓடாத ஊர் என்பதால் அம்மா நிம்மதியாக நடக்கலாம். விரைவுப் படகை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் எடுக்கும் சாதாரணப் படகில் போங்கள். நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே போகும் அந்தப் பயணத்துக்காகவே போகலாம்.

விக்டோரியா சிகரத்துக்கு எந்த நாள் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். மேகம் இறங்கினால் மேலே வெள்ளைத் திரைதான். காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மலையேறும் சிகர டிராமில் (நகர டிராம் வேறு) வரிசை நீளமாக இருந்தால் சென்ட்ரலிலிருந்து 15ஆம் எண் பஸ் போகிறது. மேலே கட்டணம் கேட்கும் பார்வை மாடத்தைவிட லுகார்ட் சாலை எனக்கு மேலானது: படி இல்லாத சமதளப் பாதை, மெதுவாக நடந்தால் கால்மணி நேரத்தில் துறைமுகம் முழுதும் கண்முன் விரியும், செலவும் இல்லை.

சிறுபிள்ளைகள் உடன் வராததால் டிஸ்னிலேண்டை விட்டுவிடலாம். மக்காவுக்கு மனம் இழுத்தால் படகில் ஒரு மணி நேரம்தான், காலையில் போய் இரவில் திரும்பலாம். ஷென்சென் வேண்டாம்.

உணவில் ஒரு எச்சரிக்கை. சீன உணவகத்தில் வெறும் கீரை கேட்டாலும் சிப்பிச் சாறு ஊற்றித் தருவது வழக்கம். பௌத்த சைவ உணவகங்களில் அந்தப் பயம் இல்லை.

விமான டிக்கெட் வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டில் 14 நாள் வரை தங்க விசா தேவையில்லை. ஆனால் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் வருகைக்கு முந்தைய பதிவு (Pre-arrival Registration) கட்டாயம். கட்டணம் இல்லை, ஆறு மாதம் செல்லும். மூவருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒருவருக்குப் பதிவு மறுக்கப்பட்டாலும் அவர் முறைப்படி விசா கேட்டுக் காத்திருக்க நேரும், அதனால் மூன்று பதிவும் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். அச்செடுத்த தாளைக் கைப்பையில் வையுங்கள். நம் ஊர் விமான நிலையத்திலேயே கேட்பார்கள்.