பந்து பட்டு என் தம்பிக்கு விரல் மூட்டு எலும்பு உடைந்து 4 நாள் ஆகிறது. ஆபரேஷன் அவசியமா? கட்டுப் போட்டால் கூடிவிடாதா?

எல்லாருக்கும் அவசியமில்லை. எனக்கு அவசியப்பட்டது, நான்தான் 9 நாள் இழுத்தடித்தேன்.

நான் பாம்பன்காரன். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். ஏப்ரல் முதல் வாரம், மடி வலையைப் படகில் ஏற்றும்போது, வலை இழுக்கிற வின்ச் கயிறு வலது கை மோதிர விரலைச் சுண்டிவிட்டது. நடு மூட்டு மேலேறி நின்றது. கூட வந்த மாமா, "பல்லைக் கடிச்சுக்க மாப்ள" என்று ஒரே இழுப்பு. விரல் நேராகிவிட்டது. எண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கடலுக்குப் போனேன்.

வீக்கம் வடியவில்லை. சோறு பிசையும்போது மற்ற விரல்கள் மடங்கும், இது மட்டும் விறைத்து நிற்கும். முதலில் காட்டிய இடத்தில் உள்ளங்கையை விரித்துவைத்து ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து, சுளுக்கு என்றார்கள். ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர்தான் அந்த விரலை மட்டும் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொன்னார். விரலின் நடு எலும்பின் அடியில், உள்ளங்கைப் பக்க விளிம்பு பாதி நொறுங்கியிருந்தது. முட்டுக் கொடுக்காமல் கரையேற்றிய வத்தைப் படகு மாதிரி எலும்பு மேல்பக்கம் சரிந்து கிடந்தது. உடைந்தது மூட்டுப் பரப்பில் கால்பங்குதான், எலும்பும் நழுவவில்லை என்றால், விரலைக் கொஞ்சம் மடக்கிவைத்துக் கட்டினாலே போதுமாம். 40 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டு பெரும்பாலும் கட்டுக்கு நிற்காது.

கையை மட்டும் மரக்கவைத்துச் செய்தார்கள். ஸ்க்ரூ பிடிக்காத அளவுக்குப் பொடித்துண்டுகள். அதனால் மூட்டுக்கு மேலும் கீழும் எலும்பில் குறுக்கே மெல்லிய கம்பி விட்டு, வெளியே இரண்டு பக்கமும் வளைத்து ரப்பர் பேண்ட் மாட்டினார்கள். ரப்பர் இழுக்கிற இழுப்பில் மூட்டு விலகி நிற்கும், துண்டுகள் அடங்கும், விரலையும் அசைக்கலாம். சின்னவன் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல ஓணான் அடிக்கலாமா?" என்றான்.

5 வாரம் அந்த உண்டிவில்லோடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகே போகவில்லை. கம்பி நுழைந்த இடத்தில் உப்புத்தண்ணீர் படக்கூடாது, சீழ் வைத்தால் உடனே ஓடவேண்டும்.

கத்தியைவிடக் கொடுமை பிசியோதெரபி. "இன்னும் மடக்குங்கண்ணே" என்று அந்தப் பொண்ணு சிரித்துக்கொண்டே சொல்லும், எனக்குக் கண்ணில் தண்ணி வரும். விட்டால் மூட்டு இறுகிவிடும், மூட்டு முறிவில் பெரிய எதிரியே அந்த இறுக்கம்தான். வீட்டில் மணிக்கு 10 தடவை மடக்கினேன், கோதுமை மாவை உருட்டிப் பிசைந்தேன். நகம் உள்ளங்கையைத் தொட 3 மாதம் ஆனது.

உங்கள் தம்பிக்குப் பந்து பட்டு 4 நாள் என்கிறீர்கள். நல்ல காலம். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்களா, மூட்டு நழுவியிருக்கிறதா, இந்த இரண்டையும் கேளுங்கள். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மணிக்கட்டுப் பக்கத்து எலும்பிலிருந்து துண்டு வெட்டி வைக்கவேண்டிவருமாம்.

எனக்கு இன்றைக்கும் விரல் முழுசாக நீளாது, மூட்டு தடித்தே இருக்கிறது. கயிறு பிடிக்கத் தடையில்லை. கல்யாண மோதிரம்தான் ஏறமாட்டேன் என்கிறது, இடது கைக்கு மாற்றிவிட்டேன்.