கொரிய இசைக்குழுவின் ரசிகர் சந்தா: கட்டலாமா, வேண்டாமா? – கேள்வி பதில்

கோயம்புத்தூரில் கணக்கர் வேலை. ஒன்பது ஆண்டுகளாகக் கொரிய இசைக்குழுக்களின் ரசிகை. அதில் ஐந்து ஆண்டுகள் பணம் கட்டி உறுப்பினராக இருந்தேன். மற்ற ஆண்டுகளில் யோசித்தே கட்டாமல் விட்டேன். சிங்கப்பூரிலும் பாங்காக்கிலுமாக மூன்று நிகழ்ச்சிகளுக்குப் போய் வந்திருக்கிறேன். சந்தாவைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): அக்கா, கொரியக் குழுவான பி.டி.எஸ்.-இன் 'ஆர்மி' (அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு இதுதான் பெயர்) உறுப்பினர் சந்தா கட்டலாமா? டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இருக்கிறது. சுமார் 2,000 ரூபாய்க்கு என்னதான் கிடைக்கும்?

முதலில் என் கேள்விக்குப் பதில் சொல் தங்கச்சி: அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் நிகழ்ச்சி பார்க்க வெளிநாடு போகும் வாய்ப்பு உனக்கு இருக்கிறதா? பாஸ்போர்ட் இருக்கிறதா? கூட வர ஆள் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகக் கட்டு. இல்லையென்றால் அந்தப் பணத்தைத் தொடாதே.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இந்தச் சந்தாவின் முதன்மையான பலன் முன்விற்பனை. பொது விற்பனை தொடங்குவதற்கு முன்பே உறுப்பினர்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். அன்று வரிசையில் நிற்கும் உரிமையைத்தான் நீ விலைக்கு வாங்குகிறாய். டிக்கெட்டுக்கு உத்தரவாதம் இல்லை, டிக்கெட் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஒரு முறை நானும் தோழிகளுமாக முன்விற்பனைக்குத் தயாராக நான்கு பேர் உட்கார்ந்தோம். நான்கு பேரும் உறுப்பினர்கள்தான். இரண்டு பேருக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. வரிசை எண் திரையில் வந்ததும் ஒருத்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு முன்னால் பல்லாயிரம் பேர் இருந்தார்கள்.

மற்றபடி உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டும் சில காணொளிகள், படங்கள், உறுப்பினர்களுக்கென்று விற்கும் சில பொருட்கள், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம். பெரும்பாலான நேரலைகளும், கலைஞர்கள் எழுதும் பதிவுகளும், ரசிகர்கள் கூடும் வெவர்ஸ் என்ற செயலியில் இலவசமாகவே கிடைக்கின்றன. டியூஷன் எடுத்த பணத்தில் ஒரு ஆல்பம் வாங்கினால் அது உன் அலமாரியில் இருக்கும். சந்தா ஓராண்டில் காலாவதியாகிவிடும்.

கேள்வி (சென்னை): சந்தாவை எப்போது கட்டுவது நல்லது? ஆண்டின் தொடக்கத்திலா?

சுற்றுப்பயணம் அறிவித்த அன்று. முன்விற்பனைக்கு யார் தகுதி என்பதற்கு ஒரு கெடு தேதி வைப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் முன்விற்பனை கிடையாது. பெரும்பாலும் அறிவிப்புக்கும் கெடுவுக்கும் இடையே சில நாட்கள் இருக்கும். அந்த இடைவெளியில் கட்டினால் போதும். கட்டிய நாளிலிருந்து ஓராண்டு என்பதால், ஜனவரியில் கட்டிவிட்டு நிகழ்ச்சியே இல்லாத மாதங்களை வீணாக்க வேண்டியதில்லை.

இன்னொன்றை மறக்க வேண்டாம். உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்விற்பனைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சந்தா கட்டிவிட்டு இந்தப் பதிவைத் தவறவிட்டவர்கள் எழுதும் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அறிவிப்பு வந்த அன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.

கேள்வி (மதுரை): குழுவே ராணுவத்தில் இருந்தபோதும் சந்தா வாங்கினார்களே, அது நியாயமா?

எனக்கும் அன்று இதே கோபம் இருந்தது. 2022 டிசம்பரில் பி.டி.எஸ். குழுவின் ஜின் ராணுவத்தில் சேர்ந்ததிலிருந்து, 2025 ஜூனில் அதே குழுவின் சுகா, கொரிய ஆண்களுக்கான கட்டாயப் பணியை முடிக்கும் வரை குழுவின் ஏழு பேரும் சேர்ந்து மேடையேறவில்லை. அந்த ஆண்டுகளில் கட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அதில் ஒரு தவறும் செய்தேன். 2023-இல் சுகா தனியாகச் சுற்றுப்பயணம் கிளம்பி, ஜகார்த்தா, பாங்காக், சிங்கப்பூர் என்று நம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வந்தார். அந்த முன்விற்பனைக்கும் இதே ஆர்மி உறுப்பினர் சந்தாதான் கேட்டார்கள். நான் அறிவிப்பைக் கவனித்தபோது கெடு முடிந்திருந்தது. குழு ஓய்வில் இருக்கிறது என்பதற்காக அறிவிப்புகளைப் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நியாயமா என்றால், நிகழ்ச்சி இருக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வாங்கினால் நியாயம்தான். வாங்குபவர் தெரிந்து வாங்க வேண்டும்.

கேள்வி (சேலம்): உறுப்பினர் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறார்கள். எனக்கு இனிஷியல்தான் இருக்கிறது. எதை எழுத?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் முழுப் பெயர் இருந்தால் படிவத்திலும் அதுவே. வங்கி அட்டையில் இனிஷியலோடு இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. டிக்கெட்டில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிகழ்ச்சிகள் உண்டு.

ஒரு முறை சிங்கப்பூரில் என் தோழிக்கு நடந்தது. படிவத்தில் ஓர் எழுத்து இனிஷியலும் பெயரும் மட்டும் கொடுத்திருந்தாள். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் பதினான்கு எழுத்தில் விரிந்து கிடந்தது. கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார், பிறகு மேலாளரைக் கூப்பிட்டார். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்த ஓர் எழுத்துதான் இந்த நீளப் பெயர் என்று நாங்கள் விளக்கிக்கொண்டே இருந்தோம். பணம் கட்டிய அட்டை, மின்னஞ்சல், உறுப்பினர் எண் எல்லாவற்றையும் காட்டிய பிறகு உள்ளே விட்டார்கள். நாற்பது நிமிடம். உள்ளே ஓடும்போது மூன்று பாட்டுகள் முடிந்திருந்தன. முதல் பாட்டுக்கு விளக்கணையும் அந்த நொடிக்காகத்தான் அவள் இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்திருந்தாள். அந்த அழுகையை நான் மறக்கவில்லை.

சேர்ந்த பிறகு பெயரை மாற்றுவது எளிதில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையென்றால், முதலில் அதை எடுங்கள்.

கேள்வி (ஈரோடு): பரிசுப் பெட்டியோடு வரும் சந்தா, பெட்டி இல்லாத சந்தா: எது லாபம்?

இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பெட்டி இல்லாததுதான். நான் ஒரே ஒரு முறை பெட்டியோடு வாங்கினேன். கொரியாவிலிருந்து அனுப்பும் கூலி, வாசலில் கூரியர்காரர் கேட்ட சுங்கவரி இரண்டும் சேர்ந்து பொருளின் விலையைத் தொட்டுவிட்டன. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே ஓர் அட்டை, சில ஒளிப்படங்கள், ஒரு சிறு படப்புத்தகம். அழகாகத்தான் இருந்தன, அந்த அட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆனால் அதே தொகைக்குப் பாங்காக் விமான டிக்கெட்டில் ஒரு பகுதியைக் கட்டியிருக்கலாம்.

எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுத்துவிடுங்கள். குறையுள்ள பொருளை மாற்ற இந்தக் காணொளியைக் கட்டாயமாகக் கேட்டதும், திறந்த பொருளைத் திரும்ப வாங்க மறுத்ததும் வாடிக்கையாளர் உரிமைக்கு எதிரானவை என்று கொரியாவின் நியாய வணிக ஆணையம் 2024-இல் முடிவு செய்து, பெரிய இசை நிறுவனங்களின் பொருள் விற்பனைப் பிரிவுகள் நான்கின்மீது நடவடிக்கை எடுத்து அபராதம் விதித்தது. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம். இங்கிருந்து புகார் அனுப்புபவருக்கு ஆதாரம் கையில் இருப்பதே நல்லது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, நான்கு தோழிகள் சேர்ந்து ஒரே சந்தாவை எடுத்துப் பகிரலாமா?

வேண்டாம் தங்கச்சி. சந்தா ஒருவர் பெயரில் ஒரு கணக்குக்கு மட்டும். பகிர்ந்தது தெரிந்தால் கணக்கையே முடக்கலாம். முன்விற்பனையில் ஒரு உறுப்பினர் எத்தனை டிக்கெட் வாங்கலாம் என்று அறிவிப்பில் இருக்கும். ஒன்றுக்கு மேல் வாங்க விட்டால், ஒருவர் மட்டும் சேர்ந்து மற்றவர்களுக்கும் எடுக்கலாம். அது விதிக்கு உட்பட்டது.

கேள்வி (திருநெல்வேலி): பணம் கட்டும்போது அட்டை நிராகரிக்கப்படுகிறது.

வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருக்கும். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி புதிய அட்டைகளில் அந்த வசதி தொடக்கத்திலேயே அணைத்துத்தான் வரும். வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். முன்விற்பனை நாளன்று இதைக் கண்டுபிடிக்காமல், முந்தின வாரமே சிறு தொகையில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஒரு தாய்): என் மகள் பத்தாம் வகுப்பு. மாதாமாதம் ஏதோ செயலிக்குப் பணம் போகிறது. கேட்டால், பாடகர் தனக்குச் செய்தி அனுப்புகிறார் என்கிறாள். ஏமாற்று வேலையா அம்மா?

ஏமாற்று வேலை இல்லை, பதற வேண்டாம். பப்பிள் போன்ற செயலிகள் அவை. ஒரு கலைஞருக்கு மாதம் 4,500 வான் (கொரியப் பணம்) அளவில் சந்தா. நம் பணத்தில் சுமார் 300 ரூபாய். கலைஞர் எழுதும் செய்தி, சந்தா கட்டிய எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகிறது. ஆனால் போனில் தனக்கு மட்டும் வந்தது போலத் தெரியும். செய்தியில் அவரவர் பெயர்கூட வந்து நிற்கும். நாம் எழுதும் பதில் ஆயிரக்கணக்கான பதில்களோடு ஒன்றாக அவர் திரையில் ஓடும்.

மகளைத் திட்டாதீர்கள். அவளுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். 'சாப்பிட்டாயா?' என்று ஒரு செய்தி வந்தால் அந்த வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நாற்பது வயதில் எனக்கே அது பெரிதாகத்தான் இருந்தது. ஐந்து பாடகர்களுக்குக் கட்டினால் மாதம் 1,500 ரூபாய். ஒருவரோடு நிறுத்திக்கொள் என்று சொல்லுங்கள், கேட்பாள்.

போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் பிளே அல்லது ஆப்பிள் கணக்கின் சந்தா பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். கணக்கர் வேலை பார்க்கும் நானே இதை அறியாமல் ஏழு மாதம் பணம் கட்டியிருக்கிறேன்.

கேள்வி (சிங்கப்பூர்): ஜப்பான் ரசிகர் மன்றங்களில் சேரலாமா?

ஜப்பானில் முகவரியும் கைபேசி எண்ணும் இல்லாமல் பெரும்பாலானவற்றில் சேரவே முடியாது. சேர்க்கைக் கட்டணம் 1,000 யென், ஆண்டுக்கு 4,000 யென் என்ற அளவில் வாங்கும் மன்றங்கள் உண்டு. அங்கே டிக்கெட் குலுக்கலில்தான். குலுக்கலில் விழாவிட்டால் அந்த ஆண்டுப் பணம் போனது போனதுதான். டிக்கெட்டை அதிக விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்க 2019 ஜூனில் அங்கே சட்டமே வந்துவிட்டதால், வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி (விருதுநகர், 62 வயது): எங்கள் காலத்தில் ரசிகர் மன்றத்துக்கு நாங்களே காசு போட்டோம். கொடி, தோரணம், படம் வெளியாகும் அன்று அன்னதானம். பணம் ஊருக்குள்ளேயே இருந்தது. கம்பெனிக்குச் சந்தா கட்டுவதெல்லாம் மன்றமா அம்மா?

ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்திருந்தேன். நீங்கள் சொல்வது சரி. மன்றம் என்றால் நமக்குத் தெருமுனை, ஒரு பலகை, பத்துப் பேர், இரத்ததான முகாம். இந்தச் சந்தாவில் பக்கத்து வீட்டு உறுப்பினரைக்கூட எனக்குத் தெரியாது.

ஆனால் பணம் கட்டும் மன்றமும் பழைய வழக்கம்தான். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவுக்குச் சந்தா கட்டிய ரசிகர் மன்றம் இருந்தது. 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நால்வரும் பேசிச் சிரித்துப் பாடிய ஓர் இசைத்தட்டு உறுப்பினர் வீட்டுக்குத் தபாலில் வரும். கடையில் கிடைக்காது. அந்தத் தபால்காரருக்காகக் காத்திருந்தவர்களுக்குச் சந்தா வீணாகத் தோன்றியிருக்காது. உறுப்பினருக்கென்றே ஒன்றைச் செய்து கொடுப்பது என்றால் அப்படி இருக்க வேண்டும். இன்றைய நிறுவனங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கால்பந்துச் சங்கத்தில் பெரியவர்களுக்கு ஆண்டுச் சந்தா 60 யூரோ. அங்கே உறுப்பினருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு உண்டு. அணியை நடத்தும் நிறுவனத்தில் 75 விழுக்காடு பங்கு உறுப்பினர்களின் சங்கத்திடம் இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் ஐந்து ஆண்டுச் சந்தாவுக்கு ஒரு சட்டையின் நிறத்தைக்கூட என்னிடம் கேட்டதில்லை.

உங்கள் காலத்து மன்றம் எங்களிடமும் இல்லாமல் போகவில்லை ஐயா. 2020 ஜூனில் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பி.டி.எஸ். குழுவும் நிறுவனமும் 10 லட்சம் டாலர் கொடுத்தன. ஏறத்தாழ ஒரே நாளில் உலகெங்கும் இருந்த ரசிகர்கள் தங்களுக்குள் திரட்டி அதே தொகையைக் கொடுத்தார்கள். அதை ஒருங்கிணைத்தது ரசிகர்களே நடத்தும் தன்னார்வக் குழு. பணம் போட்டவரிடம் யாரும் உறுப்பினர் அட்டை கேட்கவில்லை.

கேள்வி (திருச்சி, முதலில் கேட்ட அதே மாணவி): கட்டவில்லை என்றால் தோழிகள் 'நீயெல்லாம் ஆர்மியா' என்கிறார்களே அக்கா?

நான் சந்தா கட்டாத ஆண்டுகளில்தான் அவர்களின் பழைய பாடல் வரிகளை அர்த்தத்தோடு உட்கார்ந்து படித்தேன், கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டேன். உன் தோழிகளிடம் இதைச் சொல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை மட்டும் இந்த விடுமுறையிலேயே போட்டுவிடு.