நீரைத் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்: கார் துடைக்கும் துண்டுகள் குறித்து வாசகர் கேள்விகள்

காரை எப்படிக் கழுவுவது என்று சென்ற முறை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழுவிய பின் துடைப்பதைப் பற்றியே கேட்டிருந்தன. கேட்க வேண்டிய கேள்விதான். பெயின்ட்டில் விழும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை ஓட்டும்போது விழுவதில்லை. வீட்டு வாசலில் நாம் அக்கறையோடு துடைக்கும்போதுதான் விழுகின்றன.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): எட்டு மாதங்களுக்கு முன் கறுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கினேன். யாரிடமும் கொடுக்காமல் வாரம் ஒருமுறை நானே ஷாம்பு போட்டுக் கழுவி, திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து வருகிறேன். இப்போது வெயிலில் நிறுத்தினால் பானட் முழுவதும் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. பருத்தித் துணிகூடப் பெயின்ட்டைக் கீறுமா?

பதில்: பருத்தி இழை கீறாது. அதில் ஒட்டிக்கொண்ட மணல் துகள்தான் கீறுகிறது. இன்றைய கார்களில் நிறப் பெயின்ட்டுக்கு மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. நம் சாலைப் புழுதியிலோ குவார்ட்ஸ் மணல் ஏராளம். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 7 என்ற இடத்தில் இருக்கும் குவார்ட்ஸ், சாதாரணக் கண்ணாடியையே கீறக்கூடியது. எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் சில துகள்கள் பரப்பில் தங்கிவிடும். பனியன் துணி தட்டையான பின்னலாக இருப்பதால் அந்தத் துகள் உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ள இடமில்லை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சிக்கி, கை போகும் பாதையெல்லாம் கோடு இழுத்துக்கொண்டே போகும். போதாததற்கு, வேஸ்ட் துணி மூட்டையில் வருபவை கட்டிங் துண்டுகள்; சிலவற்றில் தையல் விளிம்பும் பாலியஸ்டர் நூல் முடிச்சும் இருக்கும். பட்டறையில் கிரீஸ் துடைப்பதற்கு அதைவிடச் சிறந்த துணி இல்லை என்பது உண்மை. கறுப்புப் பெயின்ட்டுக்கு அது ஏற்றதன்று.

உங்கள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தைப் பற்றி ஒரு விளக்கம். நீங்கள் வட்டமாகத் துடைத்ததால்தான் அப்படி விழுந்தது என்று பலர் சொல்வார்கள். இரவில் செல்போன் டார்ச்சைப் பானட்டின் மேல் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். விளக்கு போகும் இடத்துக்கெல்லாம் வட்டமும் கூடவே போகும். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகிறது. எனவே வட்டமாகத் துடைக்காமல் நேர்கோட்டில் துடைப்பதால் மட்டும் சிக்கல் தீராது. தேய்ப்பதையே குறைக்க வேண்டும்.

அதற்கு முதல் வழி, துண்டு தொடுவதற்கு முன்பே பெரும்பகுதி நீரை இறக்கிவிடுவது. கடைசி அலசலின்போது ஹோஸ் குழாயின் முனையில் உள்ள துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, அழுத்தமில்லாமல் நீரைக் கூரையின் உச்சியிலிருந்து மெதுவாக வழிய விடுங்கள். துளித்துளியாகத் தெறிக்கும் நீர் அங்கங்கே தங்கிவிடும். ஒரே படலமாக வழியும் நீர் முன்னே கிடக்கும் துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். அதன் பிறகு மைக்ரோஃபைபர் என்னும் நுண்ணிழையால் ஆன ஒரு பெரிய துண்டை இரண்டு முனைகளையும் பிடித்துப் பானட்டின் மேல் விரித்துப் போடுங்கள். அழுத்த வேண்டாம். உள்ளங்கையால் இரண்டொரு இடத்தில் தட்டிக் கொடுத்தால் போதும். துண்டின் வெளிர் நிறம் ஓரத்திலிருந்து கருத்துக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். நீர் தானாக மேலேறுகிறது. பிறகு முனைகளைப் பிடித்து உங்கள் பக்கமாக மெல்ல இழுத்தால், அடியில் உலர்ந்த பெயின்ட் தெரியும். கதவு போன்ற செங்குத்தான பரப்புகளில் துண்டை நான்காக மடித்து ஒற்றி எடுக்கலாம். மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும் என்பதால், ஒரு பக்கம் நனைந்ததும் அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தரையில் விழுந்த துண்டை மட்டும் அன்று மீண்டும் எடுக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் கையிலிருந்து துண்டு நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. இரண்டு முறை உதறிவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் துடைத்தேன். மாலை வெயில் சாய்ந்தபோது கைப்பிடிக்குக் கீழே மூன்று இணைகோடுகள் தெரிந்தன. அவை இன்றும் இருக்கின்றன.

ஏற்கெனவே விழுந்த கீறல்களைப் பாலிஷ் போட்டுக் குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானிலிருந்து சிறிது சுரண்டி எடுக்கத்தான் செய்யும். முதலில் துடைக்கும் முறையை மாற்றுங்கள். பாலிஷை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (திருச்சி வாசகர்): கடையில் 400, 800, 1200 ஜி.எஸ்.எம். என்று மைக்ரோஃபைபர் துண்டுகளைக் காட்டுகிறார்கள். எண் கூடினால் தரம் கூடும் என்கிறார் கடைக்காரர். எதை, எத்தனை வாங்குவது?

பதில்: ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அது அடர்த்தியைச் சொல்லுமே தவிரத் தரத்தைச் சொல்லாது. கடைக்காரர் சொல்லும் எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். 40 செ.மீ.க்கு 60 செ.மீ. துண்டின் பரப்பு 0.24 சதுர மீட்டர். அது உண்மையிலேயே 800 ஜி.எஸ்.எம். என்றால் சமையலறைத் தராசில் ஏறக்குறைய 192 கிராம் காட்ட வேண்டும். 110 கிராம் காட்டினால் அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம்.

தரத்தை இழையில் பார்க்க வேண்டும். மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் பாலியமைடும், அதாவது நைலானும், கலந்த மிக நுண்ணிய இழை. நல்ல துண்டில் ஒவ்வோர் இழையும் ஆரஞ்சுச் சுளை போல நெடுகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுகளுக்குள்தான் நீர் ஏறி நிற்கிறது. பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்ற விகிதத்தில் கலந்திருப்பார்கள். பாலியமைடு கூடுதலாக உள்ள 70க்கு 30, துடைப்பதற்குக் கூடுதல் நல்லது. உலர்ந்த உள்ளங்கையில் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். தோலின் சொரசொரப்பில் லேசாகப் பற்றி இழுத்தால் இழை பிளந்திருக்கிறது என்று பொருள். வழுவழுவென்று நழுவிப் போனால் அது நீரை உறிஞ்சாது, பரப்பில் தள்ளிக்கொண்டே போகும்.

1200 ஜி.எஸ்.எம். துண்டை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. 50க்கு 80 செ.மீ. அளவில் காய்ந்த எடையே 480 கிராம். ஒரு லிட்டர் நீரைக் குடித்துவிட்டால் ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். கை வலிப்பது ஒருபுறம் இருக்க, ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளானாலும் காயாமல் நாற்றம் அடிக்கும். 60க்கு 90 செ.மீ. அளவில் 500 முதல் 600 ஜி.எஸ்.எம். துண்டு ஒன்றும், மிச்ச ஈரத்தை எடுக்கச் சிறிய துண்டு ஒன்றும், கண்ணாடிக்குக் கட்டம் போட்ட வாஃபிள் நெசவுத் துண்டு ஒன்றும் இருந்தால் ஒரு நடுத்தரக் காருக்குப் போதும். தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டி எறிந்துவிட்டு, ஒருமுறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகர்): எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீர்தான். எவ்வளவு நல்ல துண்டால் துடைத்தாலும் வெள்ளைப் புள்ளிகள் தங்கிவிடுகின்றன. வேறு துண்டு வாங்க வேண்டுமா?

பதில்: இதற்குத் துண்டு காரணமில்லை, உப்புத் தண்ணீர்தான் காரணம். கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் நீர் ஆவியானதும் பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் நீர் 1500 என்று வைத்துக்கொள்வோம். கழுவி முடித்த காரின் மேல் கால் லிட்டர் தங்கி, அப்படியே காய்ந்தால் ஏறக்குறைய 0.4 கிராம் உப்பைப் பெயின்ட்டின் மேல் தூவியதற்குச் சமம்.

கழுவுவதற்குப் போர்வெல் நீரையே பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஐந்தாறு லிட்டர் மெட்ரோ தண்ணீரோ பிடித்துவைத்த மழை நீரோ போதும். செடிக்கு ஊற்றும் பூவாளியில் நிரப்பிக் கூரையிலிருந்து கீழாக ஊற்றினால் உப்பு நீரை அது கழுவி இறக்கிவிடும். பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்கக் கூடாதென்று காருக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லது, ஆனால் வடிகட்டிப் பிரித்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

நேரமும் முக்கியம். காலை ஏழரைக்கு முன்போ, வெயில் இறங்கிய பின்போ, நிழலில் கழுவுங்கள். பானட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். அண்மையில் விழுந்த புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரில் அதே அளவு நல்ல நீர் கலந்து, துணியை அதில் நனைத்து, குளிர்ந்த பரப்பில் ஓரிரு நிமிடம் ஒட்டி வைத்துவிட்டு நன்றாக அலசலாம். அதற்கும் போகவில்லை என்றால் உப்பு கிளியர் கோட்டை அரித்து உள்ளே இறங்கிவிட்டது. அது பாலிஷ் போடுபவரின் வேலை.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): என் தந்தை இருபது ஆண்டுகளாக ஷாமி லெதரால்தான் துடைக்கிறார். கூடாதென்று சொன்னால் வருத்தப்படுவார்.

பதில்: வருத்தப்பட வைக்க வேண்டாம், கண்ணாடிகளை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மீன் எண்ணெய் ஏற்றிப் பதப்படுத்திய அந்தத் தோல், கண்ணாடியில் ஒரு நூல்கூட உதிர்க்காமல் துடைக்கும். நனைத்துப் பிழிந்த பிறகே தொட வேண்டும், சோப்புத் தூளில் ஊறவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கே தெரிந்திருக்கும். பெயின்ட்டுக்கு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அதில் மணலை உள்வாங்கும் மயிர்ப்பரப்பு இல்லை என்பது மட்டுமே.

கேள்வி (சேலம் வாசகி): நல்ல விலை கொடுத்து வாங்கிய துண்டை வீட்டுத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டு, ஃபேப்ரிக் கண்டிஷனரும் ஊற்றிவிட்டோம். இப்போது நீரை உறிஞ்சுவதே இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். துணியை மென்மையாக்கும் அந்தத் திரவம் இழைகளின் மேல் மெழுகு போன்ற ஒரு படலமாகப் படிந்து, நீர் ஏற வேண்டிய பிளவுகளை அடைத்துவிட்டிருக்கிறது. கை பொறுக்கும் சூட்டில் நீர் எடுத்து, கொஞ்சம் திரவ டிடர்ஜென்ட் விட்டு, இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி, நுரை முற்றிலும் போகும் வரை அலசுங்கள். ஒருமுறையில் சரியாகாவிட்டால் மீண்டும் செய்யுங்கள். இனிமேல் கார்த் துண்டுகளைத் தனியாகத் துவையுங்கள். தேங்காய்ப்பூத் துண்டோடு சேர்த்துப் போட்டால் அதன் பஞ்சுத் தும்பெல்லாம் இதில் ஏறிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடரும் இஸ்திரியும் கூடவே கூடாது. சூடு பட்டால் நுண்ணிய இழை நுனிகள் உருகிக் கெட்டிப்பட்டுவிடும். நிழலில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மாடிக் கொடியில் இரவு முழுவதும் கிடந்த துண்டு, காற்றில் வரும் புழுதியைச் சேர்த்து வைத்திருக்கும்.

கேள்வி (சென்னை, அண்ணா நகர் வாசகர்): எங்கள் வளாகத்தில் தினமும் காலையில் ஒருவர் ஒரு வாளி நீரும் ஒரு துணியுமாக வந்து பத்துப் பதினைந்து கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறார். இது நல்லதா?

பதில்: காருக்கு நல்லதில்லை. பத்தாவது காரைத் தொடும்போது அந்த வாளியில் முந்தைய ஒன்பது கார்களின் மணலும் இருக்கிறது. ஆனால் அதற்காக அவருடைய வருமானத்தை நிறுத்திவிடாதீர்கள். அதே சம்பளத்துக்கு வாரம் ஒருமுறை நீர் ஊற்றி முறையாகக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள்; மற்ற நாட்களில் கண்ணாடிகளையும் உள்பகுதியையும் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் காருக்கென இரண்டு துண்டுகளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பெயின்ட்டுக்கு நீலம், சக்கரத்துக்கும் கதவு இடுக்குகளுக்கும் சாம்பல் என்று நிறம் பிரித்துக் கொடுத்தால் இரண்டும் கலந்து போகாது. துடைத்து முடித்ததும் காரை வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திவிட்டு நிறுத்துங்கள். டிஸ்க்கில் தங்கிய ஈரம் காய்ந்துவிடும். பக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளிந்திருந்த நீரும் அப்போதுதான் கதவில் வழியும். அதைச் சின்னத் துண்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.