ஃப்ளோ மீட்டர் கேள்வி-பதில்: மீட்டரைத் திட்டுவதற்கு முன் குழாயைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை திருப்பூர் பக்கத்துச் சாயப்பட்டறைகளிலிருந்து. அதில் ஆச்சரியமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அங்கே தொழில் நடக்கிறது. உள்ளே வந்த கழிவு எவ்வளவு, ஆர்ஓ-வில் மீண்ட நல்ல தண்ணீர் எவ்வளவு, எவாப்பரேட்டருக்கு (ஆவியாக்கும் கருவிக்கு) போன ரிஜெக்ட் (ஆர்ஓ ஒதுக்கிய உப்புநீர்) எவ்வளவு என்று கணக்கு காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கு நிற்பது ஃப்ளோ மீட்டரில். கணக்கு இடித்தால் எல்லோரும் முதலில் மீட்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்தவரை, மீட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்த இடம்தான் சரியிருக்காது.

சரி, கேள்விகளுக்குப் போவோம்.

சார், எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் இன்லெட்டில் 100 மி.மீ. மேக் மீட்டர் (மேக்னடிக் ஃப்ளோ மீட்டர்) இருக்கிறது. தொட்டி அளவோடு ஒப்பிட்டால் எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது. பம்பை நிறுத்தினாலும் டோட்டலைசர் (மொத்த அளவைக் கூட்டிக் காட்டும் எண்) கொஞ்ச நேரம் ஓடுகிறது. மீட்டரை மாற்றிவிடலாமா? (மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், திருப்பூர்)

மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் மீட்டர் படுக்கைக் குழாயில் இருக்கிறது. அதைத் தாண்டி இரண்டடியில் குழாய் கீழே வளைந்து, கழிவைச் சேர்த்துக் கலக்கும் ஈக்வலைசேஷன் தொட்டிக்குள் திறந்து விழுகிறது. வினையே அங்கேதான். அப்படிப்பட்ட குழாயில் தண்ணீர் முழுக்க நிறைந்து ஓடாது. மேலே காற்று நிற்கும், கீழே தண்ணீர் ஓடும்.

மேக் மீட்டர் அளப்பது வேகத்தை மட்டும்தான். காந்தப்புலத்தின் ஊடே ஓடும் தண்ணீரில் உண்டாகும் வோல்டேஜை எலெக்ட்ரோடு என்ற இரண்டு உலோக முனைகளால் பிடித்து அளக்கிறது. அந்த வேகத்தைக் குழாயின் முழுப் பரப்பால் பெருக்கி இத்தனை கன மீட்டர் என்று சொல்கிறது. குழாய் முக்கால்தான் நிறைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் கூடுதலாகக் காட்டும். தண்ணீர் மட்டம் இன்னும் இறங்கி எலெக்ட்ரோடுக்குக் கீழே போய்விட்டால் சிக்னலே அறுந்துவிடும். அப்போது எண் வாய்க்கு வந்தபடி ஓடும். பம்பு நின்ற பிறகு உங்கள் டோட்டலைசர் ஓடுவது இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. மீட்டருக்குப் பக்கத்தில் குழாயின் மேல்புறத்தில் பிரஷர் கேஜ் பாயின்ட் இருக்கிறதா பாருங்கள். பம்பு ஓடும்போதே அந்த வால்வை மெதுவாகத் திறங்கள். தண்ணீர் பீய்ச்சினால் குழாய் நிறைந்திருக்கிறது. காற்று உள்ளே இழுபட்டால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், விஷயம் புரிந்துவிடும்.

சரிசெய்ய இரண்டு வழி. பம்பிலிருந்து குழாய் நேராக மேலே ஏறும் இடம் இருந்தால் மீட்டரை அங்கே மாற்றுங்கள். தண்ணீர் கீழிருந்து மேலே போக வேண்டும். அதுதான் இருப்பதிலேயே நல்ல இடம். அங்கே குழாய் தானாக நிறையும், காற்று மேலே போய்விடும், மண்ணும் சேறும் எலெக்ட்ரோடில் உட்காராது. இடம் இல்லையென்றால் மீட்டரைத் தாழ்வான பகுதியில் வைத்து, அதற்கு அப்புறம் குழாயைக் குறைந்தது ஓரடி மேலே ஏற்றித் தொட்டிக்குக் கொண்டு போங்கள். படுக்கையாக வைக்கும்போது எலெக்ட்ரோடு இரண்டும் பக்கவாட்டில், 3 மணி, 9 மணி இருக்கும் இடத்தில் வர வேண்டும். மேலும் கீழுமாக வந்தால் மேலே காற்றுக் குமிழி, கீழே சேறு. மெனுவில் எம்ப்டி பைப் டிடெக்ஷன் என்ற ஒன்று இருக்கும், அதை ஆன் செய்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் ஆன் செய்துவிட்டுக் குழாயை அப்படியே விடாதீர்கள். அந்த வசதி காலிக் குழாயைத்தான் கண்டுபிடிக்கும், முக்கால் குழாயை அல்ல.

எங்கள் லைன் 150 மி.மீ. அதனால் 150 மி.மீ. மீட்டரே வாங்கிவிட்டோம். மணிக்கு 20 கன மீட்டர்தான் போகிறது. ரீடிங் நிலையாக இல்லை. (ஈரோடு)

குழாய் சைஸைப் பார்த்து மீட்டர் வாங்கும் பழக்கம் எப்போது ஒழியுமோ! 150 மி.மீ. குழாயில் மணிக்கு 20 கன மீட்டர் என்றால் தண்ணீரின் வேகம் நொடிக்கு 0.31 மீட்டர். மேக் மீட்டர் நன்றாக வேலை செய்யும் வேகம் நொடிக்கு 1 முதல் 3 மீட்டர். நீங்கள் அடிமட்டத்தில் நிற்கிறீர்கள். கேட்டலாக்கில் போட்டிருக்கும் அரை சதவீதத் துல்லியமெல்லாம் இந்த வேகத்தில் எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு இவ்வளவு மெதுவாகப் போகும் கழிவுநீர் மீட்டருக்குள்ளேயே சேற்றைப் படியவிடும்.

80 மி.மீ. மீட்டர் போட்டால் அதே ஓட்டத்துக்கு வேகம் 1.1 மீட்டர் வரும். நாளைக்கு ஓட்டம் இரண்டு மடங்கானாலும் 2.2தான். இரண்டு பக்கமும் ரெடியூசர் போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக் குழாயென்றால் மேல்பக்கம் மட்டமாக வரும் எக்சென்ட்ரிக் ரெடியூசர் போடுங்கள், காற்று தங்காது. மீட்டருக்கு முன்னால் அதன் விட்டத்தைப் போல 5 மடங்கு, பின்னால் 2 அல்லது 3 மடங்கு நேர்க்குழாய் விடுங்கள். முன்னால் பம்போ பாதி திறந்த வால்வோ இருந்தால் 5 போதாது, 10 விடுங்கள். கண்ட்ரோல் வால்வை எப்போதும் மீட்டருக்குப் பின்னால் வையுங்கள். ஆசிட், காஸ்டிக் டோசிங் பாயின்ட்டும் அப்படித்தான். முன்னால் ஊற்றினால் சரியாகக் கலக்காத ரசாயனம் எலெக்ட்ரோடைக் கடக்கும்போதெல்லாம் ரீடிங் துள்ளும்.

எச்டிபிஇ (பிளாஸ்டிக் குழாய்) லைனில் ஆர்ஓ ரிஜெக்ட் மீட்டர். 8-க்கும் 30-க்கும் நடுவே எண் குதித்துக்கொண்டே இருக்கிறது. கம்பெனிக்காரர் வந்து டேம்பிங்கை (ரீடிங்கைச் சராசரியாக்கும் நேரத்தை) கூட்டிவிட்டுப் போனார். கொஞ்சம் அடங்கியது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. (ஆபரேட்டர், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்)

வரக் கூடாது. டேம்பிங்கைக் கூட்டியதில் குதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனதே தவிர, நோய் தீரவில்லை.

எலெக்ட்ரோடில் கிடைக்கும் வோல்டேஜ் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். காந்தப்புலத்தில் நகரும் கடத்தியில் வோல்டேஜ் உண்டாகும் என்ற தத்துவத்தைக் கண்டுபிடித்த ஃபாரடே 1832-இல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தகடுகளைத் தேம்ஸ் நதியில் இறக்கி, பூமியின் காந்தப்புலத்தை வைத்தே ஆற்றின் ஓட்டத்தை அளக்கப் பார்த்தார். சிக்னல் அவ்வளவு சின்னது. அன்றைய கருவிகளுக்கு அது எட்டவில்லை. இன்றைய மீட்டருக்கு எட்டும், ஆனால் ஒரு நிபந்தனை: குழாயில் ஓடும் தண்ணீரும் மீட்டர் பாடியும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். இரும்புக் குழாயில் இது தானாக நடந்துவிடும். எச்டிபிஇ, பிவிசி, ரப்பர் லைனிங் செய்த குழாய் என்றால் தண்ணீருக்கு எர்த்தே கிடையாது.

அதனால் மீட்டரின் இரண்டு பக்கமும் ஃபிளேஞ்ச் நடுவே எர்த்திங் ரிங் போடுங்கள். இரண்டு ரிங்கையும் மீட்டர் பாடியோடு செம்பு வயரால் இணைத்து, தனி எர்த்துக்குக் கொண்டு போங்கள். பம்பு மோட்டாரின் எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள், விஎஃப்டி-யின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியின்) மின் இரைச்சல் முழுவதும் மீட்டருக்கு வந்துவிடும். ரிஜெக்ட் உப்புநீர் என்பதால் ரிங்குக்குச் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம். ஹாஸ்டெலாய் அல்லது டைட்டானியம் கேளுங்கள். எலெக்ட்ரோடு எந்த உலோகமோ ரிங்கும் அதே இருந்தால் உத்தமம்.

மீட்டரோடு ஒரு பச்சை வயர் வந்திருக்குமே, அது இப்போது எங்கே என்றும் எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ‘சும்மா தொங்கியது, வெட்டிவிட்டேன்’ என்ற பதிலை நான் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். எர்த்தைச் சரிசெய்தும் குதித்தால், சென்சாரிலிருந்து வரும் கேபிள் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகிறதா பாருங்கள்.

மீட்டரில் 25, கம்ப்யூட்டரில் 30. பம்பை நிறுத்தினால் இரண்டிலும் சைபர். எதை நம்புவது? (சேலம்)

மீட்டரை. சைபர் பொருந்தி, மேலே ஒரே விகிதத்தில் விலகினால் அது ஸ்கேலிங் தகராறு. மீட்டர் தன் ஓட்டத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலாக அனுப்புகிறது, 4 என்றால் சைபர். மீட்டரில் 20 மில்லி ஆம்பியருக்கு 50 கன மீட்டர் என்று இருக்கும், அதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கண்ட்ரோலரான பிஎல்சி-யில் யாரோ 60 என்று போட்டிருப்பார்கள். 12 மில்லி ஆம்பியரில் அங்கே 25, இங்கே 30. இரண்டிலும் ஒரே எண்ணைப் போடுங்கள். மொத்தக் கணக்குக்கு 4-20 சிக்னலைக் கூட்டிக்கொண்டிருக்காமல் பல்ஸ் அவுட்புட்டையோ, மோட்பஸ் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக மீட்டரின் சொந்த டோட்டலைசரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் டேங்கர் லோடிங்குக்கு மேக் மீட்டர் வாங்கினோம். சைபரைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. (காங்கயம்)

காட்டாது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தாத திரவத்தில் மேக் மீட்டர் குருடு. சென்டிமீட்டருக்குக் குறைந்தது 5 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறன் வேண்டும். சாயக் கழிவில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆர்ஓ பர்மியேட்டிலும் (மீண்ட நல்ல தண்ணீரிலும்) போதுமான அளவு இருக்கும். எண்ணெய், டீசல், பாய்லருக்குப் போகும் டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) ஆகியவற்றுக்கு இது உதவாது. விற்றவர் இதைக் கேட்காமல் விற்றிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமே.

உங்களுக்கு ஓவல் கியர் மீட்டர் பொருந்தும். முன்னால் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கட்டாயம். எடைக்கணக்கில் விற்பதென்றால், பணம் இருந்தால், எடையையே நேராக அளக்கும் கோரியோலிஸ் மீட்டர். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மார்கழிக் காலையில் லோடிங் உண்டென்றால் மீட்டருக்கும் லைனுக்கும் சூடு கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கியர் இறுகி நின்றுவிடும்.

இடி விழுந்து ஒரு டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது. அதே கம்பெனி, அதே மாடல் ஸ்பேரை மாட்டினோம். இப்போது 7 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. (கோவை)

ஒவ்வொரு சென்சாரையும் தொழிற்சாலையில் தண்ணீர் ஓட்டிப் பார்த்து, அதற்கென்று ஒரு எண்ணைத் தகட்டில் அடித்து அனுப்புகிறார்கள். கே ஃபேக்டர், மீட்டர் ஃபேக்டர், காலிப்ரேஷன் நம்பர் என்று ஆளுக்கொரு பெயர். ஸ்பேர் டிரான்ஸ்மிட்டரில் வேறு சென்சாரின் எண் இருக்கும். தகட்டைத் துடைத்துப் பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள், சைஸும் சரியா என்று பாருங்கள். அப்புறம், வால்வை மூடி, குழாய் நிறைந்திருக்கும் நிலையில் ஒரு முறை சைபர் செட் செய்யுங்கள். காலிக் குழாயில் செய்தால் அதுவே புதுத் தலைவலி.

வடிகாலில் வி-நாட்ச் தகடும் (வி வடிவ வெட்டு உள்ள தகடு) மேலே மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும். மதியம் திடீரென்று ஓட்டம் கூடுகிறது. அந்த நேரத்தில் பட்டறையில் அவ்வளவு தண்ணீர் விடுவதில்லை.

நுரை. சோப்பிங் தண்ணீர் வரும் நேரமா என்று பாருங்கள். அல்ட்ராசோனிக் அலை நுரையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பினால் மட்டம் உயர்ந்ததாகக் காட்டும். இந்தத் தகட்டில் சின்னத் தப்பு பெரிதாகிவிடும். 90 டிகிரி வி-நாட்சில் 100 மி.மீ. உயரத்துக்கு மணிக்குச் சுமார் 15.7 கன மீட்டர், 105 மி.மீ. ஆனால் 17.7. ஐந்து மில்லிமீட்டர் நுரைக்குப் பதின்மூன்று சதவீதம்!

சென்சார் தகட்டுக்கு நேர் மேலே இருந்தால் அதுவும் தப்பு. அங்கே தண்ணீர் ஏற்கெனவே சரிய ஆரம்பித்திருக்கும். அதிகபட்ச உயரத்தைப் போல 3, 4 மடங்கு தள்ளிப் பின்னால் வையுங்கள். நுரைக்கு, பக்கத்தில் ஒரு சின்னக் கிணறு மாதிரிக் கட்டி, அடியில் குழாய் வழியாகத் தண்ணீர் வரவிட்டு, அதில் மட்டத்தை அளப்பதுதான் மலிவான வழி.

பிடிஎஃப்இ (டெஃப்ளான்) உள்பூச்சு, அதாவது லைனர், உள்ள மீட்டர். ஃபிளேஞ்சில் கசிவு. ஃபிட்டர் எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை.

இறுக்குவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த லைனர் அழுத்தினால் மெல்ல நகரக்கூடிய பொருள். ஒரு பக்கம் அதிகம் அழுந்தினால் மறுபக்கம் கசியும். போல்ட்டை எதிரெதிராக, மூன்று சுற்றில், மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். மறுநாள் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். இரண்டு ஃபிளேஞ்சும் நேராக இல்லாமல் போல்ட் போட்டு இழுத்திருந்தால் என்ன செய்தாலும் நிற்காது, குழாயைத்தான் திருத்த வேண்டும். கழற்றும்போது கேஸ்கெட் உள்பக்கம் பிதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ரீடிங்கையும் கெடுக்கும்.

மீட்டரைத் தூக்கும்போது துவாரத்துக்குள் கம்பியையோ கயிற்றையோ விடக் கூடாது, டிரான்ஸ்மிட்டரின் கழுத்தைப் பிடித்தும் தூக்கக் கூடாது. பக்கத்தில் வெல்டிங் என்றால் மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அதிகாரிகள் காலிப்ரேஷன் சர்டிபிகேட் கேட்கிறார்கள். கம்பெனி ஆள் லேப்டாப்பில் செக் செய்து கொடுத்த பேப்பர் போதுமா?

அந்தப் பேப்பர் எலெக்ட்ரானிக்ஸும் காயிலும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லும், அவ்வளவுதான். உண்மையில் தண்ணீர் ஓட்டிப் பார்ப்பதுதான் காலிப்ரேஷன். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கோவை, திருப்பூர்க்காரர்களுக்குப் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் உள்ள எஃப்சிஆர்ஐ (ஃப்ளூயிட் கண்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்) பக்கம்தான்.

நடுநடுவே நீங்களே தொட்டியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டி என்றால் 50 செ.மீ. ஏறினால் 3 கன மீட்டர். வேறு எந்த லைனும் அதற்குள் வராதபடி அடைத்துவிட்டு, ஆரம்பத்திலும் முடிவிலும் டோட்டலைசரைக் குறித்துக்கொள்ளுங்கள். மட்டத்தை அரை செ.மீ. தப்பாகப் படித்தால் ஒரு சதவீதம் போய்விடும், அதனால் 20 செ.மீ. ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு அதிகம் ஏற்றுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

அம்புக்குறிக்கு எதிர்த் திசையில் மீட்டரைப் போட்டுவிட்டோம். கழற்ற வேண்டுமா?

மேக் மீட்டர் என்றால் வேண்டாம். மெனுவில் ஃப்ளோ டைரக்ஷனை ரிவர்ஸ் என்று மாற்றினால் போதும். டர்பைன் மீட்டரோ ஆரிஃபிஸ் தகடோ என்றால் கழற்றித் திருப்பித்தான் ஆக வேண்டும். மேக் மீட்டரை அப்படியே விடுவதானால் பாடியில் உள்ள அம்பை அடித்துவிட்டு, சரியான திசையில் பெயின்ட்டால் ஒரு அம்பு போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஷட்டவுனில் யாராவது அதைத் ‘திருத்தி’ மாட்டிவிடுவார்கள்.