மஞ்சள் காய்ச்சல் அட்டையும் மலேரியா மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: நிறுவனப் பணிக்காக மூன்று மாதம் உகாண்டாவின் கம்பாலா நகருக்குச் செல்கிறேன். 2012-இல் நைஜீரியா சென்றபோது போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் அட்டை கையில் இருக்கிறது. ஆனால், பத்தாண்டுதான் செல்லும் என்று அதில் அச்சாகியுள்ளது. மறுபடியும் ஊசி போட வேண்டுமா? உடன் வரும் மனைவிக்கு என்ன செய்வது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தங்களுக்கு மறு ஊசி தேவையில்லை. பன்னாட்டுச் சுகாதார விதிகளில் செய்யப்பட்டு 2016 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அதற்கு முன்னர் வழங்கப்பட்ட, பத்தாண்டுக் கெடு அச்சிட்ட அட்டைகளுக்கும் இது பொருந்தும். அட்டையில் பழைய பாஸ்போர்ட்டின் எண் இருந்தால், அந்தப் பாஸ்போர்ட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அதிகாரியிடம் வாதாடும் வேலை மிச்சமாகும்.

தங்கள் மனைவிக்குப் போடப்படும் ஊசி பத்து நாள் கழிந்த பிறகுதான் கணக்கில் கொள்ளப்படும் என்பதால், கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்கக் கூடாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதைப் போட்டுச் சான்றளிக்க முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். பலருக்குப் போதுமான மருந்து ஒரே குப்பியில் இருப்பதாலும், திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டியிருப்பதாலும், எந்த நாளில் வரலாம் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆன தடுப்பூசி. ஆகவே, கருவுற்றிருப்பவர்கள், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் பேசாமல் வரிசையில் நிற்கக் கூடாது.

இந்த அட்டையைக் காட்டச் சொல்வது உகாண்டா மட்டுமன்று. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அதாவது நமக்கு டெங்குவைத் தரும் அதே கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால்தான், நோய் அபாயமுள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்குபவரை, ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: நான் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் விமானம் மாறி இந்தியா திரும்ப இருக்கிறேன். எனக்கும் இந்த மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் விதி உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: எத்தியோப்பியா அபாய நாடுகளின் பட்டியலில் இருப்பதால் உண்டு. விமான நிலைய வளாகத்தை விட்டு வெளியேறாதவர்களுக்கு விலக்கு அளிக்கலாம். ஆனால் அதை முடிவு செய்பவர் இங்குள்ள சுகாதார அதிகாரி. அவருடைய முடிவை நம்பிப் புறப்படுவதைவிட, உடல்நிலை இடம் கொடுத்தால் ஊசி போட்டுக்கொள்வதே என் யோசனை.

கேள்வி: ஆறு மாத வேலைக்காக ஆப்பிரிக்கா செல்கிறேன். சிறுவயதில் சென்னையில் மலேரியா வந்து குணமாகியிருக்கிறேன். எனவே எதிர்ப்புச் சக்தி இருக்குமல்லவா? நிலவேம்புக் குடிநீர் எடுத்துச் சென்றால் போதாதா? அல்லது மலேரியாவுக்கும் இப்போது தடுப்பூசி வந்துவிட்டதாமே? (வாசகர், சென்னை)

பதில்: மூன்றும் தங்களுக்கு உதவாது. சென்னையில் பெரும்பாலும் காணப்பட்டது வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் மிகுதியாக இருப்பது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. ஒரு முறை வந்துபோன காய்ச்சல் காலம் முழுவதும் காவல் நிற்காது. நிலவேம்பு மலேரியாவைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. 2021-இலும் 2023-இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் மலேரியா மிகுந்த பகுதிகளில் வளரும் குழந்தைகளுக்கானவை, பயணிகளுக்கானவை அல்ல.

ஆகவே மாத்திரைதான் வழி. நம் நாட்டின் மலேரியாத் தடுப்புத் திட்டத்தின் வழிகாட்டுதல், ஆறு வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று என்றும், அதற்கு மேற்பட்ட தங்கலுக்கு மெஃப்லோகுவின் 250 மில்லிகிராம் வாரம் ஒன்று என்றும் சொல்கிறது. முன்னதைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பும், பின்னதை இரண்டு வாரம் முன்பும் தொடங்க வேண்டும். மனச்சோர்வு, வலிப்பு போன்றவை இருந்தவர்களுக்கு மெஃப்லோகுவின் ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் டாக்சிசைக்ளின் ஆகாது. டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டுடன் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த மாத்திரையும் முழுக் காவலன்று. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும் என்பதால், மருந்து தோய்த்த வலைக்குள் உறங்குவதும், மாலையில் முழுக்கை உடை அணிந்து கொசு விரட்டிக் களிம்பு பூசுவதும் அவசியம்.

மஞ்சள் காய்ச்சல் அட்டையை விமான நிலையத்தில் கேட்பார்கள்; மலேரியா மாத்திரையை எடுத்தீர்களா என்று எவரும் கேட்பதில்லை. பயணிகள் முதலாவதற்கு அலைவதும் இரண்டாவதை மறப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: காங்கோவிலிருந்து என் தம்பி திரும்பிப் பத்து நாட்கள் ஆகின்றன. ஊருக்கு வந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டான். நேற்று முதல் குளிர் காய்ச்சல். வைரஸ் காய்ச்சலாக இருக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இதழில் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தங்களுக்குத் தனியே கடிதம் எழுதிவிட்டேன், பிறருக்காக இங்கேயும் சொல்கிறேன். கொசு கடித்தபின் மலேரியாக் கிருமி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகி, ஏறக்குறைய ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்தே இரத்தத்துக்கு வருகிறது. டாக்சிசைக்ளினும் மெஃப்லோகுவினும் பெரும்பாலும் இரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் கொல்கின்றன என்பதால், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் அவற்றைத் தொடர வேண்டும். கல்லீரலிலேயே வேலை செய்யும் அட்டோவாகுவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரைக்கு மட்டும் ஏழு நாள் போதும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்கு அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது மலேரியா என்றே கருத வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று, எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள். முதல் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டாலும், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.