பிங்சுவைக் கிளறாமல் சாப்பிடுங்கள்

கேள்வி: ஜூலையில் அம்மாவோடு சியோல் போகிறேன். ஊரில் ஒரு கடையில் பிங்சு (சீவிய ஐஸின்மேல் பழம், பயறு போன்றவற்றைப் போட்டுத் தரும் கொரிய இனிப்பு) வாங்கியபோது பாதியிலேயே இனிப்புத் தண்ணீராகிவிட்டது. அங்கே எதை வாங்கலாம், ஆளுக்கொன்று வேண்டுமா? இருவரும் சைவம், அம்மாவுக்குப் பால் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

பதில்: முதலில், ஆளுக்கொன்று வேண்டாம். ஒரு கிண்ணத்தை நடுவில் வைத்து ஆளுக்கொரு ஸ்பூனோடு சாப்பிடுவதுதான் கொரியர்களின் வழக்கம், அளவும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

எதை வாங்குவது என்பதற்கு முன் ஐஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் இரண்டு வகை இருக்கிறது. பழைய வகையில் தண்ணீரை உறையவைத்த கட்டியைச் சீவுவார்கள், வாயில் நறநறவென்று இருக்கும். இப்போது கஃபேக்களில் அதிகம் கிடைப்பது 'நுன்கொத்', அதாவது பனிப்பூ. இனிப்பு சேர்த்த பாலைக் கடுங்குளிரில் சுழலும் உருளைமேல் விடுவார்கள், அது பட்டவுடன் மெல்லிய ஏடாக உறையும், கத்தி அதைச் சுரண்டித் தள்ளும். வேகமாக உறைவதால் பனித்துகள் நுண்ணியதாக இருக்கும், நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். அதே காரணத்தால்தான் கிண்ணத்திலும் சீக்கிரம் கரைகிறது. நீங்கள் அன்றைக்கு ஐஸ்கிரீம் போலக் கிளறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மொத்தமாகக் கலக்கும்போது உள்ளே இருக்கும் குளிர்ந்த ஐஸெல்லாம் வெளிக்காற்றைத் தொட்டு, மேலே இருக்கும் பழத்தின் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். கலந்து சாப்பிடுகிற கொரியர்களும் உண்டு, ஆனால் முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஓரத்திலிருந்து கீழ்நோக்கித் தோண்டி, ஒவ்வொரு ஸ்பூனிலும் கொஞ்சம் மேல்சேர்க்கையும் வருகிற மாதிரி எடுங்கள். போட்டோவை மட்டும் சட்டென்று எடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்குத் தண்ணீர் ஐஸில் செய்த பத்பிங்சு சரியாக இருக்கும். 'பத்' என்பது இனிப்பாக வேகவைத்த சிவப்புப் பயறு. பயறா என்று தயங்க வேண்டாம், உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்த அதே குடும்பம்தான், கொழுக்கட்டைப் பூரணம் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும். ஆனால் இதன்மேலும் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுவார்கள், அதனால் "யொன்யு ப்பே ஜுசெயோ" என்று சொல்லுங்கள், அது வேண்டாம் என்று அர்த்தம். ஐஸ் பாலில் செய்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பாலுக்கு 'ஊயு' என்பார்கள். மேலே ஐஸ்கிரீம் உருண்டை வைப்பதும் உண்டு, அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவோடு அதையே பகிர்ந்து சாப்பிடலாம், உங்களுக்கென்று தனியாக இன்னொன்று வாங்குவதானால் இன்ஜொல்மி பிங்சு. வறுத்த சோயாப் பொடியும் மெத்தென்ற அரிசிக் கேக் துண்டுகளும் போட்டு வரும், 2013இல் பூசானில் தொடங்கிய சுல்பிங் என்ற கடைத்தொடர் இதற்குத்தான் பெயர்பெற்றது. வாசனை நம் வறுத்த கடலைமாவை நினைவுபடுத்தும், எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். ஸ்பூனை வாயருகே கொண்டுபோகும்போது மூச்சை இழுக்காதீர்கள், பொடி தொண்டையில் ஏறி இருமல் வரும். சைவம் என்பதால் ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, சீஸ்கேக் வைத்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள், ஜெலட்டின் இருக்கக்கூடும்.

ஷில்லா ஹோட்டலின் மாம்பழப் பிங்சுவைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜேஜு தீவின் ஆப்பிள் மாம்பழத்தில் செய்வது, 2024இல் விலை ஒரு லட்சம் வொன்னைத் தாண்டியது. ஜூன் முழுக்க நல்ல மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகிற உங்களுக்கு அது தேவையில்லை, அந்தப் பணத்தில் நாலைந்து கடைகளின் பிங்சுவைச் சாப்பிட்டுப் பார்த்துவிடலாம்.